மெல்லிய உணர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும் விருப்பம்

உடல் உணர்ச்சிகளை உள்ளிருந்து கவனிக்கும் பௌத்தத் தியானமான விபஸ்ஸனாவில் சில நீண்ட முகாம்களை முடித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் உடல் திறந்துகொள்ளும். உச்சந்தலையில் கவனத்தை வைத்தால் பாதம்வரை தடையில்லாமல் ஓடும். வலி, இறுக்கம், பாரம் எல்லாம் கரைந்து, உடல் வெறும் மெல்லிய அதிர்வாகத் தெரியும். ஆசிரியரிடம் போய் "நன்றாகப் போகிறது" என்று சொல்லத் தோன்றுவது இங்கேதான். பயிற்சி வருடக்கணக்கில் தேங்கி நிற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

நுண்ணிய உணர்ச்சி கிடைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கிடைத்த பிறகு அதில் எதைத் தேடிப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பலரிடம் தெளிவான பதில் இருப்பதில்லை. அதிர்வு இன்னும் மெல்லியதாக வேண்டும், இன்னும் வேகமாக வேண்டும், உடலின் உள்ளேயும் பரவ வேண்டும் என்ற திசையிலேயே உழைக்கிறார்கள். நான் உறுதியாக நம்புவது இது: அந்தக் கட்டத்தில் முதலில் ஆராய வேண்டியது அதிர்வின் மேல் சத்தமில்லாமல் வந்து படியும் விருப்பத்தை. பத்து நாள் முகாம்கள் நாலைந்தாவது முடித்து தினமும் உட்காருபவர்களையும், நடப்பதை மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறிக்கும் மகாசி முறையில் மாதக்கணக்கில் பயின்றவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் எதிர்பார்ப்புதான் மிஞ்சும்.

எந்த நுண்மை

நுண்ணுணர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, வலு குறைந்த உணர்ச்சி: உதட்டின் மேல் மூச்சு படும் இடம், காது மடலின் லேசான சூடு. இரண்டாவது, ஆயுள் குறைந்த உணர்ச்சி: தோன்றினதும் தெரியாமல் போய்விடும் சிறு குத்தல்கள், துடிப்புகள், ஓட்டங்கள். மூன்றாவது, இன்பமும் துன்பமும் இல்லாத உணர்ச்சி. அது வலுவாகவே இருக்கலாம், நாள் முழுக்க இருக்கலாம், ஆனால் மனம் அதைப் பொருட்படுத்தாது. தொடையில் படும் துணி, உள்ளங்கைகள் ஒன்றின்மேல் ஒன்று வைத்த எடை, வாய்க்குள் நாக்கு கிடக்கும் ஈரம் எல்லாம் இந்த வகை.

முகாம்களில் பேசப்படுவது முதல் இரண்டைப் பற்றித்தான் அதிகம். மூன்றாவதுதான் மிகக் கடினமானது, மிகவும் பயன் தருவதும் அதுதான். பாலி மொழியிலுள்ள பௌத்த உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 44ஆவது சூத்திரத்தில் பிக்குணி தம்மதின்னை விசாகருக்குச் சொல்லும் விடையில் இது தெளிவாக இருக்கிறது. இன்ப நுகர்வின் அடியில் ஆசை படுத்திருக்கிறது, துன்ப நுகர்வின் அடியில் வெறுப்பு, இரண்டுமற்ற நுகர்வின் அடியில் அறியாமை. அதே உரையாடலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: இரண்டுமற்ற நுகர்வு, அறிந்தால் இன்பம், அறியாவிட்டால் துன்பம். மேல்நிலைப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

நுகர்வு என்று நான் எழுதுவது மணிமேகலை சார்புகளை அடுக்கும் வரிசையிலிருந்து எடுத்தது: "ஊறே நுகர்வே வேட்கை பற்றே". தொடுகை, அதிலிருந்து நுகர்வு, அதிலிருந்து வேட்கை, அதிலிருந்து பற்று. விபஸ்ஸனா முழுவதும் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் நடக்கிற வேலை. உணர்ச்சி தடித்ததாக இருக்கும்போது அந்த இடைவெளி ஓரளவு கண்ணுக்குப் படும். முழங்கால் வலிக்கிறது, உடனே காலை மாற்ற வேண்டும் என்று மனம் எழுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். உணர்ச்சி மெலியும்போது வேட்கையும் அதே அளவுக்கு மெலிந்துவிடுகிறது. ஆகவேதான் அது இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

உடல் தரும் செய்தி எவ்வளவு

இங்கே கொஞ்சம் உடலியலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. நிறைய வீண் கவலைகளை அது தீர்த்துவிடும்.

விரல் நுனியில் இரண்டு கூர்முனைகளை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டாகத் தெரியும். முதுகில் அவை தனித்தனியாகத் தெரிய ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நரம்பு முனைகள் அங்கே அவ்வளவு அடர்த்தியாக இல்லை. முதுகின் நடுப்பகுதி மங்கலாகவே இருக்கிறது, அங்கே ஏதோ பழைய சங்காரம் (மனத்தில் படிந்த பழைய எதிர்வினை) அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பலர் மணிக்கணக்கில் அந்த இடத்தோடு போராடுகிறார்கள். மங்கலான இடத்தை மங்கலானது என்று சரியாக அறிந்தாலே போதும். முகம், விரல்கள், உதடு அளவுக்கு முதுகு துலங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

அதேபோல, கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் தசைகள் நொடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்ணியதாக நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. எல்லோருக்கும் இயல்பாக உள்ள நடுக்கம் அது. இதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்கடியில் ஓர் அலை போகிறது. உடலின் எந்தப் பகுதியில் கவனத்தை நிறுத்தினாலும் சில நொடிகளில் குறுகுறுப்பும் சூடும் துடிப்பும் எழுவது தியானமே செய்யாதவர்களுக்கும் நடக்கும். பர்மிய ஆசிரியர் உ பா கின் வழியில் உடல் கலாபங்களாக, அதாவது மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து தெரிவதைப் பற்றிக் கேட்டவர்கள், தாங்கள் உணரும் அதிர்வுதான் கலாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பயிற்சிக்குத் தேவையே இல்லை. அதிர்வு எதனால் ஆனது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அது தோன்றுகிறதா, போகிறதா, போகும்போது மனம் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில் அனுபவமுள்ள தியானிகளையும் தியானம் செய்யாதவர்களையும் அழைத்து, தங்கள் இதயத் துடிப்பை உள்ளிருந்தே கண்டறியச் சொன்னார்கள். தியானிகள் மற்றவர்களைவிடச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். தெளிவாகத் தெரிகிறது என்ற எண்ணமும் தெளிவும் ஒன்றல்ல. அந்த எண்ணமும் தோன்றி மறையும் ஒரு பொருள்தான், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கவனத்தைத் தீட்டுதல்

உ பா கினின் மாணவர் கோயங்கா பரப்பிய முறையின் பத்து நாள் முகாமில் முதல் மூன்றரை நாள் ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். இருபது, முப்பது, நாற்பத்தைந்து நாள் முகாம்களில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது. வீட்டில் உட்காரும்போது இந்த விகிதத்தை முதலில் கைவிடுவது பழைய மாணவர்கள்தான். உட்கார்ந்ததும் நேராக உடலைச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கவனம் மழுங்கியிருக்கும்போது அதை உடல் முழுக்க ஓட விட்டால் கிடைப்பது பழகிப்போன ஒரு பொதுவான சிலிர்ப்பு மட்டுமே.

ஒரு மணி நேர அமர்வில் இருபது நிமிடம் மூச்சுக்குக் கொடுப்பது நல்ல கணக்கு. மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, விரல் நுனி அளவு இடம். மூச்சை மாற்றக் கூடாது. மூச்சு அடங்கிக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் இரண்டு மூன்று மூச்சை மட்டும் சற்று வலுவாக விட்டுவிட்டு மறுபடி இயல்புக்குத் திரும்பலாம். கவனிக்க வேண்டியது மூச்சின் நடுப்பகுதியைவிட அதன் முடிவு. வெளிமூச்சு எங்கே தீர்ந்தது என்று பத்து மூச்சுக்குத் தொடர்ந்து சொல்ல முடிந்தால் உணர்ச்சிகளை ஆராயும் அளவுக்குக் கூர்மை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அன்றைய மணி முழுக்க மூச்சோடு இருப்பதே நல்லது.

அதிகமாக அழுத்துவதும் இங்கேதான் தொடங்குகிறது. புருவ நடுவில் இறுக்கம், மூடிய இமைகளுக்குள் கருவிழிகள் கீழ்நோக்கிக் குவிவது, தாடை கிட்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ணால் மூக்கைப் பார்க்க முயல்கிறோம் என்பதே காரணம். தொடு உணர்ச்சிக்குக் கண் தேவையில்லை. இமைக்குள் கருவிழிகளை நேராகத் தளர விட்டுவிட்டு அதே இடத்தை உணர்ந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கன்னத்தில் ஒரு ரூபாய் அளவு

இப்போது ஆராய்ச்சிக்கு வரலாம். இடது கன்னத்தின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை எடுத்துக்கொள்வோம். வலிக்காத, இனிக்காத, யாரும் கண்டுகொள்ளாத இடம்.

கவனத்தை அங்கே வைத்ததும் முதலில் வருவது கன்னத்தின் படம். அது மனத்தின் வேலை, உணர்ச்சி இல்லை. படத்துக்கு ஓரம் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தபடி இருக்கும், முகத்தில் எந்தப் பக்கம் என்ற குறிப்பும் கூடவே வரும். உணர்ச்சிக்கு இவை கிடையாது. படத்தைத் துரத்த வேண்டாம். படம் என்று தெரிந்துகொண்டு அதே இடத்தில் ஒரு நிமிடம் காத்திருந்தால் அது தளர்ந்து, அடியிலிருந்து ஏதோ ஒன்று தெரியவரும்.

அந்த ஏதோ ஒன்றை நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்களின் வழியாகக் கேட்க வேண்டும். சூடா, குளிர்ச்சியா? கடினமா, மிருதுவா, சொரசொரப்பா, வழவழப்பா, பாரமா, லேசா? தள்ளுகிறதா, தாங்கி நிற்கிறதா? ஒழுகுகிறதா, ஒட்டிச் சேர்ந்திருக்கிறதா? பர்மியத் துறவி பா ஆக் சயாடோவின் வழியில் இந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் பழக்குவார்கள். எளிதில் தெரியும் தள்ளுதலில் தொடங்கி, பிடிபடக் கடினமான பிணைப்பையும் ஒழுகலையும் கடைசியில் வைப்பார்கள். பௌத்த மெய்யியல் நூல்தொகுதியான அபிதம்மத்தின்படி நீர்ப்பூதம் தொடுகையால் அறியப்படுவதில்லை, மனத்தாலேயே அறியப்படும். ஆகவே அது கடைசியில் வருவதில் நியாயம் இருக்கிறது. கன்னத்துக்குப் பன்னிரண்டும் வேண்டியதில்லை. வெப்பம், மிருது, அசைவு என்ற மூன்றே போதும். விடையைச் சொல்லாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அதோடு இருந்தால், இடைவிடாமல் இருப்பதாகத் தோன்றிய வெப்பம் அப்படி இல்லை என்று தெரியும். ஒரு திட்டு கூடுகிறது, பக்கத்தில் ஒன்று குறைகிறது, நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு கணம் வருகிறது, மறுபடி வேறு இடத்தில் எழுகிறது. பழக்கத்தின்படி மனம் புதிதாக எழுவதன்மேல் தாவும். முடிவதன்மேல் நிற்கப் பழக்க வேண்டும். ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து அது தீரும்வரை கூடவே இருங்கள். அடுத்தது கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஒரு அமர்வில் ஐந்தாறு முடிவுகளை ஒழுங்காகப் பார்ப்பது, ஆயிரம் அதிர்வுகளின் மேல் வழுக்கிப் போவதைவிட மேல்.

அடுத்து நுகர்வு. இந்த வெப்பம் இன்பமா, துன்பமா, இரண்டும் இல்லையா? மூன்றாவது என்றால் நேராகப் பார்த்துச் சொல்வது கடினம். விழிப்பைப் பற்றிய சதிபட்டான சூத்திரத்துக்கான பழைய உரை இதற்கு ஓர் உவமை தருகிறது. மான் பாறைக்கு இந்தப் பக்கம் ஏறிய தடமும் அந்தப் பக்கம் இறங்கிய தடமும் தெரிகின்றன. பாறையின் மேல் தடம் இல்லை, ஆனாலும் மான் பாறையைக் கடந்தது என்று வேடனுக்குத் தெரியும். முன்னால் ஒரு சிறு இதம், பின்னால் ஒரு சிறு அரிப்பு, இடையில் இருந்தது இரண்டுமற்ற நுகர்வு. ஆரம்பத்தில் இப்படி ஊகித்துத்தான் அறிய முடியும். பிறகு அது நேராகவே தெரிய ஆரம்பிக்கும்.

கடைசியாக எதிர்வினை. கன்னத்தில் உட்கார்ந்திருந்த கவனம் ஏழெட்டு மூச்சுக்குள் எங்கோ போய்விட்டிருக்கும். எங்கே போனது என்பது முக்கியமில்லை. போவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே "இங்கே ஒன்றும் இல்லை" என்ற ஒரு தீர்ப்பு இருந்திருக்கும், சொல்லாகக்கூட வராத தீர்ப்பு. தம்மதின்னை சொன்ன அறியாமை செயல்படும் விதம் இதுதான். அந்தத் தீர்ப்பை எழும்போதே பிடிக்க முடிந்தால், கன்னத்தில் செலவழித்த நேரம் முழுவதற்கும் பலன் கிடைத்துவிட்டது.

பெயர் சொல்லும் முறையில்

மகாசி சயாடோ (1904–1982) கற்பித்த முறையில் இதே வேலை வேறு வழியாக நடக்கிறது. வயிறு எழுவதும் தாழ்வதும் முதன்மைப் பொருள். ஒரு மணி நடை, ஒரு மணி அமர்வு என்று நாள் முழுக்க மாறி மாறிப் போகும். நடையில் அடியை முதலில் மூன்றாகவும், கவனம் கூர்மையானபின் ஆறாகவும் பிரிக்கிறார்கள்: குதிகால் எழுவது, தூக்குவது, முன்னே தள்ளுவது, இறக்குவது, தரையில் படுவது, அழுத்துவது. கோயங்கா முறையினர் நடையை லேசாக எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் இழப்பாகவே தோன்றியிருக்கிறது. பாதத்தை இறக்கும்போது கனம் கூடுவதும், தூக்கும்போது லேசாவதும் பூதங்களைக் கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம்.

வயிற்றின் அசைவு மெலிந்து மறைந்துபோனால் "உட்கார்தல்", "தொடுதல்" என்று உடல் தரையைத் தொடும் புள்ளிகளுக்குப் போக வேண்டும். பொருள்கள் மிக வேகமாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க முயன்றால் களைப்பும் தலைபாரமும்தான் வரும். அப்போது பெயரை விட்டுவிட்டு, நடப்பதைப் பொதுவாக அறிந்தபடி இருக்கலாம் என்று மகாசியே சொல்லியிருக்கிறார். வேகம் குறைந்ததும் பெயருக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் விட்டால், பெயரற்ற விழிப்பு மெல்ல மெல்லப் பகற்கனவாகக் கரைந்துவிடும்.

ஆசிரியரிடம் சொல்லும் முறையையும் பண்டித சயாடோ (1921–2016) வழியிலிருந்து கற்றுக்கொள்ளலாம். என்ன எழுந்தது, அதை எப்படிக் குறித்தீர்கள், குறித்ததும் அதற்கு என்ன ஆயிற்று என்ற மூன்றுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "பேரமைதியாக இருந்தது" என்ற வகை வாக்கியத்துக்கு இதில் இடமே இல்லை. தனியாகப் பயில்பவர்கள்கூட அமர்வு முடிந்ததும் ஒரு நோட்டில் இந்த மூன்று வரிகளை எழுதிவைத்தால், மூன்றாவது வரியில் எழுத ஒன்றுமில்லாத நாள்கள் எவை என்று தெரிந்துவிடும்.

இரண்டு முறைகளையும் ஒரே அமர்வில் கலக்கக் கூடாது. சலிப்பு வரும் இடத்தில் முறை மாறினால் சலிப்பை ஆராயவே முடியாமல் போய்விடும்.

பத்து அழுக்குகளும் பத்தாவதும்

புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய பயிற்சி நூலான விசுத்திமக்கம், தோற்றமும் மறைவும் தெளிவாகத் தெரியத் தொடங்கும் உதயப்பய ஞானத்தின் இளம்பருவத்தில் பத்து உபக்கிலேசங்கள் (அழுக்குகள்) வரும் என்கிறது. (காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவர் தம் உரை ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். இந்த மரபு நம் ஊர்ப்பக்கமாகவும் வளர்ந்ததுதான்.) ஒளி, கூர்மையான அறிவு, உவகை, உடலும் மனமும் அடங்குவது, இன்பம், அசையாத நம்பிக்கை, தானாக எழும் ஊக்கம், தவறாத விழிப்பு, சமநிலை, கடைசியாக நிகந்தி, அதாவது நுண்ணிய விருப்பம்.

முதல் ஒன்பதும் கெட்டவை அல்ல, பயிற்சி சரியாக நடப்பதால் வருபவை. அவற்றை அழுக்காக்குவது பத்தாவது. பட்டியலில் விழிப்பும் சமநிலையும்கூட இருப்பதைப் பாருங்கள். "நான் சமநிலையோடு இருக்கிறேன்" என்று ரசிப்பதும் நிகந்திதான். உடல் முழுக்க அதிர்வு ஓடும்போது அதை இன்னொரு முறை ஓட விட வேண்டும் என்ற சின்ன உந்துதலும் நிகந்திதான். ஆசை என்று பெயர் வைக்கக்கூட முடியாத அளவுக்கு அது மெலிந்திருக்கும். ஆனால் உடலில் தடம் விட்டுத்தான் போகும், அங்கே அதைப் பிடிக்கலாம்.

ஓட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இவற்றைச் சோதியுங்கள். உடல் அரை அங்குலம் முன்னால் சாய்ந்திருக்கிறதா? உள்மூச்சின் உச்சியில் மூச்சு ஒரு கணம் நிற்கிறதா? நாக்கு மேலண்ணத்தை அழுத்துகிறதா? கவனம் கீழே இறங்கும்போது கருவிழிகளும் கூடவே இறங்குகின்றனவா? உதட்டோரம் லேசாக விரிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விருப்பம் வேலை செய்கிறது. அதைத் திருத்த அவசரப்படாமல், அந்தச் சாய்வையே, அந்த அழுத்தத்தையே பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஓட்டம் மிக இனிமையாக இருக்கும் நேரத்தில், வேண்டுமென்றே கவனத்தை அதிலிருந்து எடுத்து மங்கலான ஓர் இடத்தில், முதுகின் நடுவிலோ முழங்காலின் பின்புறத்திலோ வையுங்கள். ஐந்து நிமிடம். மனம் எப்படித் தயங்குகிறது என்று பாருங்கள். நெஞ்சில் ஒரு சின்ன வாட்டம், "ஏன் கெடுக்கிறாய்" என்ற முணுமுணுப்பு, ஓட்டம் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் துடிப்பு. அந்தத் தயக்கத்தின் அளவுதான் விருப்பத்தின் அளவு. தயக்கமே இல்லாமல் போக முடிந்தால் ஓட்டத்துக்குத் திரும்பலாம். தயக்கம் இருந்தால் அது எழுந்து, நின்று, தீர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யாமல் ஓட்டத்தை மட்டும் பழகிவருபவர்களுக்குப் பயிற்சி ஓர் இதமான பழக்கமாக மாறிவிடும் அபாயம் அதிகம்.

கரைந்த பிறகு

இதைத் தாண்டி வரும் பங்க ஞானத்தில் (அழிவை அறியும் அறிவில்) முடிவுகள் மட்டுமே தெரியத் தொடங்கும். கை, கால், வயிறு என்ற உருவம் போய்விடும். எழுவதைப் பார்ப்பதற்குள் போய்விட்டிருக்கும். உணர்ச்சி மறைவதோடு அதை அறிந்த மனமும் மறைவது ஜோடியாகத் தெரிய வேண்டும். அறியப்பட்டது, அறிந்தது என இரண்டின் அழிவையும் பார்ப்பதே பங்கம் என்கிறது விசுத்திமக்கம். உணர்ச்சி மட்டும் கரைகிறது, நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றினால் பாதிதான் தெரிகிறது. அப்போது "பார்ப்பவன்" இருப்பதாகத் தோன்றும் இடத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கண்களுக்குப் பின்னாலோ நெற்றிக்குள்ளோ ஒரு மெல்லிய அழுத்தமாக அது கிடைக்கும். அதுவும் கன்னத்தின் வெப்பம் மாதிரி திட்டுத்திட்டாக எழுந்து போகிற உணர்ச்சிதான்.

இந்தக் கட்டத்தில் பொருள்கள் தெளிவில்லாமல் ஓரங்கள் மழுங்கி வருவது இயல்பு. முந்தைய கட்டத்தின் பளிச்சென்ற கூர்மையைத் தேடி மனம் ஏங்கும். பிறகு அச்சம், அலுப்பு, எல்லாவற்றையும் விட்டு ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பு வரிசையாக வரலாம். பழைய முழங்கால் வலி இரண்டு மடங்காகத் திரும்பலாம். பின்னோக்கிப் போய்விட்டோம் என்று எண்ணி மறுபடி ஓட்டத்தைத் தேடுவது இங்கே நடக்கும் பெரிய பிழை. உணர்ச்சியின் தரத்தை வைத்துப் பயிற்சியை அளக்கக் கூடாது என்று கோயங்கா (1924–2013) திரும்பத் திரும்பச் சொன்னது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

எல்லாக் கஷ்டத்தையும் ஞானத்தின் கணக்கில் எழுதுவதும் ஆபத்து. 2017இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பௌத்த தியானிகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய நூறு பேரைப் பேட்டி கண்டு, அச்சம், தூக்கமின்மை, தான் என்ற உணர்வு கலைவது, புலன்கள் அதிகமாகக் கூசுவது போன்ற சிரமங்களை விரிவாகத் தொகுத்தது. சிலருக்கு அவை நீண்டநாள் தொடர்ந்தன. இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எண்ணங்கள் கட்டுக்கு அடங்காமல் ஓடுகின்றன, அதிர்வு அமர்வுக்கு வெளியிலும் நிற்காமல் தொல்லை கொடுக்கிறது என்றால் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்து, பாதங்களின் கனத்தோடு நடக்க வேண்டும். அமர்வு நேரத்தை அரைப்பங்குக்கும் கீழே குறைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, பேசக்கூடிய ஒருவரோடு பேச வேண்டும். ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்காமல் மருந்தை நிறுத்திவிட்டு நீண்ட முகாமுக்குப் போகவே கூடாது.

சமநிலையும் மந்தமும்

எழுவதெல்லாவற்றையும் சமநிலையோடு பார்க்கும் சங்காருபேக்கா ஞானத்தில் உணர்ச்சிகள் மிக மெலிந்து, முயற்சி இல்லாமலே கவனிப்பு நடக்கும். இரண்டு மணி, மூன்று மணி உட்கார்வது பாரமாக இராது. மனத்தை வேறு பொருளுக்கு அனுப்பினாலும் போகாமல் திரும்பிவரும். வெளிப்பார்வைக்கு இதேபோலவே இருக்கும் இன்னொன்று உண்டு: மெல்லிய மந்தம். தலை சாயாது, குறட்டை வராது, இனிமையாக இருக்கும், ஆனால் உள்ளே வேலை நின்றுபோயிருக்கும்.

பிரித்தறிய முடிவுகளைப் பாருங்கள். சமநிலையில் ஒவ்வொரு உணர்ச்சியும் எங்கே தீர்கிறது என்பது மிகத் தெளிவாக இருக்கும். மந்தத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே சீரான மென்மையாகத் தெரியும், எதற்கும் முடிவு இராது. மணி அடித்ததும் கடைசிப் பத்து நிமிடத்தில் என்னென்ன வந்து போயின என்று கேட்டுக்கொண்டால் சமநிலையில் இருந்தவருக்கு மூன்று நான்காவது நினைவிருக்கும். மந்தம் என்று தெரிந்தால் அமைதியைக் கூட்டக் கூடாது. மனம் சோர்ந்திருக்கும்போது ஆராய்ச்சி, ஊக்கம், உவகை மூன்றையும், மனம் கிளர்ந்திருக்கும்போது அடக்கம், ஒருமை, சமநிலை மூன்றையும் வளர்க்க வேண்டும் என்று சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொல்கிறார். நடைமுறையில், மந்தமான அமர்வில் தொடு புள்ளிகளைக் கூட்டுங்கள்: வலது பிட்டம், இடது பிட்டம், வலது முழங்கால், இடது முழங்கால், ஒன்றுக்கு ஒரு மூச்சு என்று மாறி மாறிப் போங்கள். அடுத்த அமர்வுக்கு முன் ஒரு மணி வேகமாக நடங்கள். கிளர்ச்சியான அமர்வில் நேர்மாறாக, புள்ளிகளைக் குறைத்து மூச்சின் இடத்துக்கு வாருங்கள்.

வீட்டில்

நீண்ட முகாமில் கிடைத்த கூர்மை வீடு திரும்பிய இரண்டு மூன்று வாரத்தில் மங்கத்தான் செய்யும். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்பது இருப்பதைக் காக்கும் அளவு. அதில் ஓட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டுமற்ற நுகர்வை ஆராய்வதற்கு வீடு முகாமைவிட வசதியான இடம். பாத்திரம் தேய்க்கும்போது விரல்களில் நீரின் குளிர்ச்சி, பேருந்துக் கம்பியைப் பிடித்த உள்ளங்கையின் அழுத்தம், அலுவலக நாற்காலியில் தொடைக்கு அடியில் ஏறும் சூடு. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது கன்னத்தில் கேட்ட அதே கேள்விகள்: எந்தப் பூதம், எங்கே முடிந்தது, எந்த நுகர்வு, அதை விட்டுப் போகும் முன் மனம் என்ன தீர்ப்புச் சொன்னது. ஒரு தடவைக்கு அரை நிமிடம் போதும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மாலை அமர்வில் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும்.